சத்தத்தை மூடி வைத்துக்கொண்டு எழுதிய விமர்சனம்

என் உயிர்த் தம்பி சாமுவுக்கு,

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம், லெந்து நாட்கள், ஆரம்பித்து இரண்டு வாரம் ஆகிறது. தல்லாகுளம் வீட்டில் வழக்கம்போல் டிவியில் சத்தமில்லை, ரேடியோவில் பாட்டில்லை. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. இந்த வருடம் அம்மா யாரையும் அதட்ட வேண்டியிருக்கவில்லை. சத்தம் போட இங்கே யார் இருக்கிறார்கள்?

அம்மாவின் சட்டத்தில் நாம் கண்டுபிடித்த ஓட்டை உனக்கு நினைவிருக்கிறதா? "நாப்பது நாளும் வீட்டுல கூத்துச் சத்தம் கேக்கக் கூடாது" என்பாள். சத்தம்தானே கேட்கக் கூடாது என்று நாம் டிவியை ஊமையாக்கிவிட்டுக் கிரிக்கெட் பார்ப்போம். நீ என் காதோரம் உட்கார்ந்து, பந்து வீசுவதிலிருந்து அம்பயர் மூக்கைச் சொறிவது வரைக்கும் கிசுகிசுவென்று சொல்லிக்கொண்டே இருப்பாய். பிற்பாடு நீ வீடியோ கேம் விளையாடி, அதற்கு வர்ணனை பேசி யூடியூபில் போட ஆரம்பித்தபோது, இவன் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்ததைத்தான் இப்போது ஊருக்குச் சொல்கிறான் என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

எனக்கு அப்போது தலைக்கனம். சபையின் மாத இதழில் 'பிள்ளைகள் பார்க்கலாமா?' என்று ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருந்தேன் அல்லவா? யூடியூப் சேனல்களைப் பார்த்துவிட்டு, கிறிஸ்தவப் பெற்றோருக்கு இது ஆகும், இது ஆகாது என்று சொல்வது என் வேலை. ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுக்கிற ஓய்வுநாள் பள்ளி டீச்சர் நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. போன லெந்தின்போது ஒரு அம்மா வந்து, "டீச்சர், எங்க வீட்டுப் பிள்ளைக ஒங்க தம்பி சேனலே கதின்னு கெடக்குதுக. அது நல்லதா டீச்சர்?" என்று கேட்டார். சொந்தத் தம்பி என்பதால் தாட்சண்யம் பார்க்கிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே. அந்த மாதமே உன் சேனலை எடுத்துக்கொண்டேன்.

இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும், சாமு. இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. உன் வீடியோக்களை நான் சத்தத்தை மூடி வைத்துக்கொண்டுதான் பார்த்தேன். லெந்து அல்லவா? விரதமும் கெடக் கூடாது, எழுத வேண்டியதும் நிற்கக் கூடாது. மூன்று வீடியோ, அதுவும் ஓட்டி ஓட்டி. துப்பாக்கி தெரிந்தது. ஆட்கள் விழுந்தார்கள். திரையின் மூலையில் சின்னக் கட்டத்துக்குள் நீ கையை ஆட்டி, கண்ணை உருட்டி, வாயைப் பெரிதாகத் திறந்து திறந்து மூடினாய். கீழே கமெண்ட்டில் யார் யாரோ அசிங்க அசிங்கமாக எழுதியிருந்தார்கள். இவனும் இதைத்தான் கத்துகிறான் என்று முடிவு கட்டிவிட்டேன். இந்த வர்ணனையாளர் வாயைத் திறந்தாலே கெட்ட வார்த்தை, நம் பிள்ளைகளின் காதில் விழத்தக்கதல்ல என்று எழுதிக் கொடுத்தேன்.

போதகர் அதைப் பிரசங்கத்துக்கு நடுவில் வாசித்தார். "சொந்த ரத்தம்னும் பாக்காம எழுதியிருக்காங்க பாருங்க" என்று மெச்சினார். எனக்கும் மனசு குளிர்ந்துதான் போயிற்று. நீ ஈஸ்டருக்கு வரவில்லை. நீ குடியிருந்த திருப்பரங்குன்றத்திலிருந்து இங்கே வர எவ்வளவு நேரமாகும்? ஃபோன் பண்ணினால், "வாரேன்க்கா, வாரேன்" என்பாய். காய்ச்சல் முற்றி உன்னை ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகுதான் உன் முகத்தையே பார்த்தேன். ஆக்சிஜன் மாஸ்க் போட்டிருந்தார்கள். அதற்குள்ளே உன் வாய் அசைந்தது. குனிந்து காதை வைத்துப் பார்த்தேன், ஒன்றும் கேட்கவில்லை. என்னடா சொன்னாய்?

போன வாரம் மன்சூர் வந்திருந்தான். கீழவாசலில் செருப்புக் கடை வைத்திருக்கிறானே, உன் வீடியோக்களை வெட்டி ஒட்டிக் கொடுப்பானே, அந்த மன்சூர். அம்மா அவனுக்குக் காப்பி கொடுத்துவிட்டு உள்ளே போனதும் ஃபோனை என் பக்கம் நீட்டினான்.

"அக்கா, நீங்க எழுதுனதுக்கப்புறம் அவன் ஒரு வீடியோ போட்டான். கேட்டீங்களா?"

"இல்லப்பா."

"மூணு நாளு ஒக்காந்து பழைய வீடியோ அம்புட்டையும் கேட்டான்க்கா. எங்க கெட்ட வார்த்த பேசுனோம்னு தேடுனான். நானும் சேந்து தேடுனேன். ஒண்ணுகூடச் சிக்கல. அக்கா எழுதுனது தப்புன்னு சொல்லிருடான்னேன். என்னைய அடிக்க வந்துட்டான்."

அவன் போன பிறகு மாடிப்படியில் உட்கார்ந்து கேட்டேன். அந்த வீடியோவில் விளையாட்டே இல்லை. நீ மட்டும்தான். "வாங்க மக்களே, சாப்ட்டீங்களா?" என்று வழக்கம்போல் ஆரம்பித்தாய். வழக்கம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். "எங்கக்கா நம்ம சேனலப் பத்தி எழுதியிருக்கு. நான் எங்கயோ வாய விட்டிருக்கேன். தேடிப் பாத்தேன், எனக்குத் தெரியல. ஆனா எங்கக்கா முழுசாக் கேக்காம ஒரு வார்த்த எழுதாது. அது சொன்னா இருக்கும். எல்லாரும் என்னைய மன்னிச்சுக்கங்க. எங்கக்காவ யாரும் கமெண்ட்ல வையக் கூடாது, சொல்லிட்டேன்."

பேசாத பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாய்.

அப்புறம் அந்த மூன்று வீடியோக்களையும் சத்தத்தோடு கேட்டேன். நீ வாயைப் பிளந்து கத்தினாயே, அந்த இடத்தைத் தேடிப் பிடித்தேன். உன்னோடு ஆடிய முகம் தெரியாத ஒருவன் தன்னுடைய கடைசி மருந்துப் பெட்டியை உனக்குப் போட்டுவிட்டு ஆட்டத்தில் சாகப் போகிறான். "மாப்ள, ஒங்கிட்ட இருந்ததே அது ஒண்ணுதானடா! எனக்குக் குடுத்துட்டு நீ என்ன செய்வ?" என்று அழப்போகிறவன்போல் கத்துகிறாய். அதைத்தான் நான் கெட்ட வார்த்தை என்று எழுதினேன்.

ஒழுங்காக விமர்சனம் எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்பேன்? துப்பாக்கி எனக்கு இப்போதும் பிடிக்கவில்லை. ஒரு மணி நேரம் பிள்ளைகளை உட்கார வைக்கிறாய், அதையும் கண்டித்திருப்பேன். தோற்றவனை நீ ஒரு தடவைகூடக் கேலி செய்யவில்லை என்பதையும் சேர்த்து எழுதியிருப்பேன். அதைப் படித்துவிட்டு நீ ஃபோனில் என்னோடு சண்டை போட்டிருப்பாய், ஞாயிற்றுக்கிழமை கறிக்குழம்புக்கு வந்திருப்பாய். ஓய்வுநாள் பள்ளியில் பத்துக் கட்டளைகளைச் சொல்லிக் கொடுக்கிறேன், சாமு. 'பொய்ச்சாட்சி சொல்லாதிருப்பாயாக' என்கிற இடம் வந்தால் இப்போது நான் நிறுத்திக்கொள்கிறேன். பிள்ளைகள் அவர்களாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள்.

இதழில் திருத்தம் போடலாமா என்று கேட்டேன். "அவரு கர்த்தர்கிட்ட சேந்துட்டாரு. இனி எதுக்கும்மா அதெல்லாம்?" என்றார் இதழாசிரியர். அதுகூடப் போகட்டும். அம்மாவைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காலை ஜெபத்தில் தினமும் ஒரே அழுகை. "அந்த வாயோடவே போயிட்டானே ஆண்டவரே, எம்புள்ள ஆத்துமாவ என்ன செஞ்சீரு?" என்கிறாள். செத்த பிள்ளை நரகத்துக்குப் போய்விட்டானோ என்று எட்டு மாதமாக ஒரு தாய் நடுங்கிக்கொண்டிருக்கிறாள். நான் பக்கத்தில் முழங்கால் போட்டு ஆமென் சொல்கிறேன்.

நேற்று, "அம்மா, அவன் பேசுறத ஒருவாட்டி கேளேன்" என்றேன்.

"லெந்துல என்னடி பேச்சு இது? அதுவும் அவன் பேச்ச. காதுல விழக் கூடாதுன்னு நீதான எழுதுன?"

எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

நாளைக் காலை ஜெபம் முடிந்து அவள் எழுந்திருப்பதற்குள் சொல்லிவிடுவேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு. நான் கேட்காமல் எழுதினேன் அம்மா என்று சொல்வேன். ஃபோனைச் சத்தம் முழுவதும் கூட்டி அவள் மடியில் வைப்பேன். சாப்பிட்டீர்களா என்று நீ கேட்பதை அவள் கேட்கட்டும். உன்னைப் பற்றிய பயம் அவளை விட்டுப் போகும். என்மேல் வைத்திருந்த நம்பிக்கையும் அதோடு போய்விடும், போகத்தான் வேண்டும். ஆனால் அடுத்த நிமிஷமே அந்த வீடியோவில் நீ, எங்கக்கா முழுசாக் கேக்காம ஒரு வார்த்த எழுதாது என்று சொல்வாய். அப்போது அம்மா என்னைத் திரும்பிப் பார்ப்பாள்.

முழுசாகக் கேட்காமல் எழுதிய
உன் அக்கா,
எஸ்தர்