கழற்றி மாட்டிய பெல்ட்

அன்புள்ள பெரியவனுக்கு,

நீ உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறேன், இங்கே நானும் அப்பாவும் எழுந்து நடமாடுகிறோம், நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை. போனில் பேசினால் இந்த இரண்டு அறை வீட்டில் உன் பொண்டாட்டி காதில் விழாமல் இருக்காது, அதனால் கடிதம். கப்பல் அடுத்துக் கரை தொடும் இடத்தில் உன் கையில் சேர்த்துவிடுவதாக உங்கள் ஆபீசில் சொன்னார்கள்.

அவள் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு வாரம் ஆகிறது. உடம்பு தேறிவிட்டது, பேச்சுதான் நின்றுபோனது. அப்போது மூன்றாம் மாசம்தான், வயிறே தெரியவில்லை, அதற்குள் மாடி வீட்டுக்காரி வயிறு கூரா இருக்கு பையன்தான் என்று சொல்லிவிட்டுப் போனாள், எதிர்வீட்டுக்காரி நெஞ்செரியுதா, அப்போ பிள்ளைக்குத் தலை நிறைய முடி என்றாள். ரெண்டு உசுருக்குச் சாப்பிடணும்மா என்று உன் அப்பா தன் தட்டிலிருப்பதை அவள் தட்டில் தள்ளுவார், அவள் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்து சிரிப்பாள். மிஷின் மிதித்தால் கரு தங்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, தையல் மிஷின் பெல்ட்டைக் கழற்றித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டியதும் அவர்தான், மனசில் கள்ளம் இல்லை. அவளோ ஸ்கூல் திறப்பதற்குள் யூனிஃபார்ம் கொடுத்தாக வேண்டும் என்று பெல்ட்டுக்குப் பதிலாகப் பாவாடை நாடாவை முறுக்கிக் கட்டி மிதித்தாள், நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக் கொடுத்தேன். அந்த வாரமே கரு கலைந்துவிட்டது. நீ போனில் அவளிடம் ஒன்றே ஒன்று கேட்டாய், மிஷின் மிதிச்சியா என்று. ஆமாம் என்றாள், போனை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நான் தனியாகப் போய் டாக்டரம்மாவிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன். ஆரம்ப மாசங்களில் கலைவதில் பெரும்பாலும் கரு உருவாகும்போதே உள்ளே ஏதோ சரியாக அமையாமல் போவதுதான் காரணமாம். மிதிச்சதாலயும் இல்ல, கையைத் தூக்கித் துணி காயப்போட்டதாலயும் இல்ல, படுத்தே கிடந்திருந்தாலும் இதைத் தடுத்திருக்க முடியாதும்மா என்றார். அடுத்த பிள்ளைக்கும் இதனால் குறை வராதாம். அப்படியே வந்து அவளிடம் சொன்னேன். தலையாட்டினாள், ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டாள்.

நேற்று உன் அப்பா பெட்டியைத் திறந்து பெல்ட்டை எடுத்துத் தானே மாட்டினார், எண்ணெய் விட்டார், சக்கரத்தைச் சுற்றிப் பார்த்து ஓடுதா பாரும்மா என்று கூப்பிட்டார். அவள் கதவோரம் நின்றபடி அவரு மாட்டச் சொன்னாரா மாமா என்று மட்டும் கேட்டாள். அவர் எண்ணெய்க் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார்.

காற்று நாளில் மேல்தளத்தில் பார்த்து நட, நேரத்துக்குச் சாப்பிடு, நீ நன்றாக இருக்க வேண்டும். இதைப் படித்ததும் அவளுக்குத்தான் முதல் போன். சாப்பிட்டியா தூங்கினியா என்று சுற்றி வளைக்காதே, மிஷினால் இல்லை என்று சொல். கேட்டவன் நீ, சொல்ல வேண்டியதும் நீதான். பெல்ட் மாட்டியது மாட்டியபடியே இருக்கிறது, அவள் இன்னும் மிஷினைத் தொடவில்லை.

உன்னை நினைத்தபடி,
அம்மா