வெள்ளை எவ்வளவு, நீலம் எவ்வளவு

ஜனவரி 7, 2025

பவளத் தொட்டியின் லைட் போய்விட்டது. காலையிலேயே துடித்துக்கொண்டிருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து பார்த்தால் சுத்த இருட்டு. கழற்றிப் பார்த்தேன், உள்ளே உப்பேறிப் பச்சையாகப் பூத்துக் கிடக்கிறது. கெமிக்கல் கம்பெனியில் இத்தனை வருஷமாக மெயின்டனன்ஸ் பார்க்கிறவன் வீட்டில் ஒரு லைட்டைக் காப்பாற்ற முடியவில்லை. வெளியே சொன்னால் சிரிப்பார்கள்.

தொட்டி ஜெயராணியுடையது. மகள் பிரிசில்லா வேலைக்குக் கோயம்புத்தூர் போன பிறகு, வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று ஆரம்பித்தாள். கல்லாக வளரும் பவளத்தை வீட்டில் வைக்கச் சட்டம் விடாது. இவையெல்லாம் மெத்தென்ற வகை. காளான் போல ஏழெட்டு, பொத்தான் பூப் போல ஒரு கொத்து, நடுவில் விரித்த கை போல ஒன்று. அதற்கு அவள் வைத்த பெயர் 'பெரிசு'. என்னிடம் பேசுவதைவிட அதனிடம் ஜாஸ்தி பேசுவாள்.

அவள் கண் போய்க்கொண்டிருக்கிற நேரம் பார்த்து இந்த லைட்டும் போகணுமா?

ஜனவரி 8

சென்னையில் அவள் பவளம் வாங்கும் கடை இளவரசுக்குப் போன் போட்டேன். பவளத்தின் உடம்புக்குள் கண்ணுக்குத் தெரியாத பாசி குடியிருக்கிறதாம். அது வெளிச்சத்தை வாங்கிச் சமைத்துப் போடுவதைத்தான் பவளம் சாப்பிடுகிறதாம். அதற்கு நீலம்தான் முக்கியம், வெள்ளை பேருக்கு இருந்தால் போதும் என்றார். வெள்ளையையும் நீலத்தையும் செல்போனிலேயே தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் லைட் ஒன்றை அனுப்புகிறார்.

பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த ஜெயராணி, நான் போனை வைத்ததும் சொன்னாள்: "நீலம் எனக்குப் பொகை மூட்டமாட்டம் இருக்குங்க. வெள்ளை இருந்தாதான் எதுனா தெரியுது."

எழுந்து போய்க் கழற்றி வைத்த பழைய லைட்டைத் துடைக்க ஆரம்பித்தேன். 

ஜனவரி 11

லைட் வந்தது. இளவரசு சொன்னபடியே வைத்தேன். நீலம் தூக்கலாக, வெள்ளை கொஞ்சமாக. கொத்துப் பூவெல்லாம் பச்சையும் ஆரஞ்சுமாக மின்னியது. எனக்கே ஆசையாக இருந்தது. ஜெயராணி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு கண்ணாடிக்கு நேராக உட்கார்ந்திருந்தாள்.

"போட்டாச்சா?" என்று கேட்டாள்.

ஜனவரி 12

வெள்ளையை ஒரே இழுப்பாக எழுபதுக்கு ஏற்றிவிட்டேன். இளவரசு கிடக்கிறார். கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி சாய்ந்து, "பெரிசு ஒரு ஓரமா மடங்கியிருக்கு பாருங்க" என்றாள். மடங்கித்தான் இருந்தது. போன மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜனவரி 20

காளான்கள் வெளிறுகின்றன. ஒன்று பாறையிலிருந்து கழன்று மூலைக்குப் போய்விட்டது. பெரிசு விரியவே இல்லை. கண்ணாடியெல்லாம் பச்சைப் பாசி.

படம் எடுத்து அனுப்பினேன். இளவரசு உடனே கூப்பிட்டுத் திட்டினார். இப்படி ஒரேயடியாக வெள்ளையை ஏற்றினால் உள்ளே இருக்கிற பாசி தாங்காது, பவளம் அதை வெளியே துப்பிவிட்டுப் பட்டினி கிடக்கும் என்றார். பாய்லரை எடுத்த எடுப்பில் முழு லோடில் போடுகிறவனை நானே எத்தனை தடவை திட்டியிருக்கிறேன். வீட்டில் அதே வேலையைச் செய்திருக்கிறேன்.

குறைத்தால் இவளுக்குத் தெரியாது. கூட்டினால் அதுங்க செத்துப்போகும். இதில் எதை நான் சரிபண்ணுவது?

ஜனவரி 24, சிதம்பரம்

கண் ஆஸ்பத்திரி. கடலூரிலிருந்து பஸ்ஸில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டே வந்தாள். கெமிக்கல் வாடை அடிக்கிற குடிகாடு தாண்டுகிற இடத்தில், "ஒங்க கம்பெனி வந்துட்டுதா?" என்றாள். வந்திருந்தது.

ஒரு கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொல்கிறார்கள். உள்ளே அங்கங்கே வெளிச்சப் புள்ளி வரும், தெரிந்தால் கையில் இருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். என்னையும் உள்ளே நிற்க விட்டார்கள். புள்ளி எங்கே வருகிறது என்று பக்கத்துத் திரையில் எனக்குத் தெரிந்தது. ஒவ்வொன்றாக வந்தது. அவள் விரல் பட்டன் மேலேயே இருந்தது. அழுத்து, அழுத்து, இப்போ அழுத்துடி என்று மனசுக்குள் அடித்துக்கொண்டேன். வாயைத் திறந்து சொல்ல முடியுமா?

கண்ணுக்குள் பிரஷர் ஏறி நரம்பைக் காயவைத்துவிட்டது, காய்ந்தது காய்ந்ததுதான், சொட்டு மருந்தை விடாதீர்கள் என்றார் டாக்டர். வலி இல்லாததால் நாங்கள் ரொம்ப லேட்டாக வந்தோம். போன மாதமும் இதையேதான் சொன்னார். கண்ணாடி மாற்றினால் தேவலையா என்று நானும் அதே கேள்வியைக் கேட்டேன்.

பிப்ரவரி 2

ஒரு வழி கண்டுபிடித்தேன். பகல் முழுக்க நீலம். சாயங்காலம் ஜெபம் முடிந்து அவள் தொட்டி முன்னால் உட்காரும்போது மட்டும் கொஞ்ச நேரம் வெள்ளை. இளவரசு அரை மனதாகச் சரி என்றார். எனக்கு இன்று கொஞ்சம் தூக்கம் வரும் என்று நினைக்கிறேன்.

பிப்ரவரி 16

அவள் தம்பி தேவசகாயம் வந்திருந்தான். நல்லவன்தான், வாய்தான் நிற்காது. "அக்காவுக்கே தெரியாதப்போ இது எதுக்கு மாமா? யாருக்குனா குடுத்துடுங்க" என்றான், அவள் அடுப்படியில் இருக்கும்போதே. காபியைக்கூடக் குடிக்கவிடாமல் கிளப்பி அனுப்பிவிட்டேன். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பிப்ரவரி 27

'கொஞ்ச நேரம்' நீண்டுகொண்டே போகிறது. "இன்னும் கொஞ்சம் வெள்ளை வைங்க" என்கிறாள். வைக்கிறேன். மறுநாளும் கேட்கிறாள். வைக்கிறேன்.

மார்ச் 5, சாம்பல் புதன்

கோயிலில் சாமியார் நெற்றியில் சாம்பல் வைக்கக் கை நீட்டியபோது, அவள் அவருக்குப் பக்கத்தில் இருந்த தூணைப் பார்த்துத் தலை குனிந்தாள். தோளைப் பிடித்துத் திருப்பினேன். யாரும் கவனிக்கவில்லை. கவனித்திருந்தாலும் போகட்டும்.

மார்ச் 19

பெரிசு போய்விட்டது. காலையில் பார்த்தேன், கூழாகி நாற்றமெடுத்திருந்தது. விட்டுவைத்தால் தண்ணீர் கெட்டு மற்றதும் போகும். அவள் குளித்துக்கொண்டிருந்தபோது பாறையோடு எடுத்துக் கொல்லையில் புதைத்தேன். மதியம் முழுக்கக் கம்பெனியில் ஒரு வேலையும் ஓடவில்லை. எப்படிச் சொல்வது, எப்படிச் சொல்வது — இதே யோசனை.

சாயங்காலம் வெள்ளையைப் போட்டேன். அவள் கண்ணாடியில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள். பெரிசு இருந்த இடத்தையே பார்த்தாள்.

"பெரிசு இன்னிக்கி நல்லா விரிஞ்சிருக்குல்ல?"

ஆமாம் என்றேன்.

மீட்டர் செத்தது தெரியாமல் இருக்க, போன மணி ரீடிங்கையே எழுதி வைக்கிற ஆபரேட்டர்களைப் பார்த்திருக்கிறேன். எண்ணெல்லாம் ஒழுங்காக இருக்கும். அந்த ஒழுங்கிலேயே பிடித்துவிடலாம். எத்தனை நாளாக இப்படி எனக்கு ரீடிங் சொல்லிக்கொண்டிருக்கிறாள்? 'இன்னும் கொஞ்சம் வெள்ளை' என்றதெல்லாம் என்ன?

ஆண்டவரே, நான் என்னதான் செய்யறது. என்னால ஒண்ணும் முடியல.

மார்ச் 20

அவளிடம் கேட்கவில்லை.

மார்ச் 23

கேட்கவில்லை. இன்றும் காளான்களைப் பற்றிச் சொன்னாள். ஆமாம் என்றேன். வெள்ளை முழுசாக எரிகிறது, யாருக்கென்று தெரியவில்லை.

ஏப்ரல் 4

மிச்சம் இருக்கிற கொத்தும் மூடத் தொடங்கிவிட்டது. அவள் மாடியில் பிரிசில்லாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, செல்லை எடுத்து வெள்ளையைப் பூஜ்யத்துக்கு இறக்கினேன். நீலத்தை மட்டும் விட்டேன். அவள் கையில் இருந்ததைப் பிடுங்கிய மாதிரி இருந்தது.

சாயங்காலம் ஜெபம் முடிந்து வந்து உட்கார்ந்தாள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டாள். அப்புறம், "வெள்ளைய எடுத்துட்டீங்களா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தெரிகிறதா, தெரிகிறதா என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லீங்க. வெள்ளை எரிஞ்சா அந்த லைட்டுல சின்னதா ஒரு ஃபேன் ஓடும். இன்னிக்கி சத்தமே இல்ல."

செல்லைக் கீழே வைத்தேன்.

"எப்பத்திலேருந்து ஒனக்கு..."

"அந்த சிதம்பரம் போனது இருக்குல்ல, அதுக்கு அப்புறம் கொஞ்ச நாளுதான் தெரிஞ்சுது. தெரியுதுன்னு சொன்னா ஒங்க குரல் நல்லா இருந்துது. அதான்."

பெரிசு போய்விட்டதைச் சொன்னேன். அழுதாள். நானும்தான். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்டாள், முருங்கைப் பக்கம் என்றேன்.

ஏப்ரல் 20, ஈஸ்டர்

பூசை முடிந்து வந்து லைட்டைப் பார்த்தேன். நீலம் அறுபது, வெள்ளை ஐந்து. இளவரசு படத்தைப் பார்த்துவிட்டு, "இப்பதாண்ணே சரியா வெச்சிருக்கீங்க, இதையே மாத்தாதீங்க" என்றார். கொத்து முழுக்க விரிந்திருக்கிறது. காளான்களுக்கு நிறம் திரும்பிவிட்டது, ஓரத்தில் குட்டி ஒன்றுகூட வந்திருக்கிறது.

அவளிடம் சொன்னேன். என்ன நிறம் என்று கேட்டாள். பச்சை என்றேன். எந்தப் பச்சை என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கண்ணாடியில் மூக்கு படுகிற மாதிரி சாய்ந்து பார்த்தேன்.