ஃபியூஸ் பாதியில் எழுந்து போன படம்

பிப்ரவரி 11

"இது தெளிவா இருக்கா? இப்போ? முன்னாடி இருந்ததா, இப்போ இருக்கிறதா?" கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க இதையே கேட்டுக் கேட்டு நாக்கு தேய்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் மனைவி ஜன்னல் திரைக்கு இரண்டு துணிகளைக் காட்டினாள். "முதல்ல காட்டினதா, இப்போ காட்டினதா?" என்றேன். அவள் சிரிக்கவில்லை.

வரும் வழியில் என் மருந்துக்கடைக்கார நண்பனிடம் கொடுத்திருந்த நாவலைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். படித்தாயா என்று கேட்டதற்கு, "எடுத்தேன்டா. எழுத்து ரொம்பப் பொடிசு" என்றான். அவனுக்குக் கண்ணைச் சோதித்துக் கண்ணாடி போட்டுக் கொடுத்தவனே நான்தான். யாருமே பேசாத ஒரு நல்ல நாவல், ஆறு மாதம் மாத்திரை டப்பாக்களுக்கு நடுவில் தூங்கிவிட்டு வந்திருக்கிறது. அட்டையில் இருமல் மருந்து வாசனை.

பிப்ரவரி 14

ஏன் விட மாட்டேன் என்கிறேன்? நல்லதாக ஒன்றைப் பார்த்தாலோ கேட்டாலோ, அதை நாலு பேரிடம் சொல்லும்வரை எனக்கு அது முடிவதே இல்லை. பள்ளிக்கூடத்திலேயே நண்பர்கள் எனக்கு வைத்த பெயர் சிபாரிசு. "சிபாரிசு வர்றான், ஓடிடு" என்பார்கள். இன்றும் அதே ஓட்டம்தான், இப்போது கொஞ்சம் மூச்சு வாங்க.

மனைவி கேட்கிறாள்: "உங்களுக்குப் பிடிச்சா உங்களோட வச்சுக்கக் கூடாதா? எதுக்கு எல்லாரையும் கட்டி இழுக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை வீட்டில் படம் போடுவதாக எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

வந்தது இரண்டே பேர். மருந்துக்கடைக்காரனும் ஃபியூஸும். ஃபியூஸ் பள்ளிக்கூடத்து நண்பன். எலெக்ட்ரீஷியன், ஆனால் பெயர் தொழிலால் வந்ததல்ல, கோபத்தால் வந்தது. சட்டென்று போய்விடுவான்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம். வந்த சுவடே தெரியாமல் போனது. வீட்டின் நடுவே சுவர் எழுப்பிக்கொண்டு வாழும் இரண்டு சகோதரர்கள். பேச்சுவார்த்தை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் இருமுவது மட்டும் தம்பிக்குக் கேட்டுக்கொண்டே இருக்கும். அந்த ஒலிப்பதிவுக்காகவே இதைப் போட்டேன். பின்னணி இசை இல்லாமல், ஓர் இருமலை வைத்தே இயக்குநர் என்ன செய்திருக்கிறார் பாருங்கள் என்று முன்னுரை வேறு கொடுத்தேன்.

திரையில் பெயர்கள் ஓடி முடிவதற்குள் மருந்துக்கடைக்காரன் தூங்கிவிட்டான். ஃபியூஸ் அசையாமல் உட்கார்ந்திருந்தான். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். அப்பாடா, ஒருவனாவது.

ஒரு காலையில் இருமல் நின்றுபோகும். தம்பி கையில் டம்ளரோடு சுவரையே பார்த்துக்கொண்டு நிற்பான். அந்த இடத்தில் ஃபியூஸ் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

பிப்ரவரி 17

மதியம் ஃபியூஸ் கடைக்கு ஃபோன் செய்தான்.

"தெரிஞ்சுதானே போட்ட?"

"என்னது?"

"எனக்கு பாடம் எடுக்கத்தானே அந்தப் படம்? நேரா சொல்லத் துப்பில்லாம, சினிமா போட்டுக் காட்டுறியா?"

அப்போதுதான் உறைத்தது. இவனும் இவன் அண்ணனும் பேசிக்கொள்வதில்லை. அம்மா இறந்த செய்தியை அண்ணன் மறுநாள்தான் இவனுக்குச் சொன்னார். இவன் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அன்றோடு சரி. எனக்கு இது தெரியும். தெரிந்தும், படத்தை எடுத்து வைத்தபோது நினைப்பே வரவில்லை. இருமலைக் கேட்டேனே தவிர மனுஷனைப் பார்க்கவில்லை.

சத்தியமாகத் தெரியாதுடா என்றேன். வைத்துவிட்டான்.

பிப்ரவரி 21

ஃபியூஸ் ஃபோனை எடுக்கவில்லை. நான்கைந்து தடவை அடித்துவிட்டேன்.

மார்ச் 3

அவன் வீட்டுக்கே போனேன். அவன் மனைவிதான் கதவைத் திறந்தாள். "வேலைக்குப் போயிருக்கார் அண்ணே" என்றாள். அவனுடைய டூல் பை அவள் காலடியிலேயே இருந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காத மாதிரி நின்றோம்.

போதும். இனி யாருக்கும் எதையும் சொல்வதாக இல்லை. படம் வேண்டாம், பாட்டு வேண்டாம், புத்தகம் வேண்டாம். எதற்கு இந்த வேலை எனக்கு? ஊரில் எவன் கேட்டான்? கேட்கலியே. ஒருத்தனும் கேட்கலியே. நானா போய், நானா நீட்டி, இப்போ இருந்த ஒருத்தனையும் தொலைச்சிட்டு நிக்கிறேன்.

மார்ச் 8

மருந்துக்கடைக்காரன் சந்தேகமாகப் பார்க்கிறான். "என்னடா, ஒரு வாரமா ஒண்ணுமே சொல்லல? உடம்பு சரியில்லையா?"

மார்ச் 12

ஃபியூஸின் அண்ணன் கடைக்கு வந்தார். முதலில் அடையாளம் தெரியவில்லை. சுவரைத் தடவிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். எந்தக் கண்ணாடியைப் போட்டாலும் பலகையின் பெரிய எழுத்தைத் தாண்டவில்லை.

"புரை முத்திடுச்சுண்ணே. கண்ணாடி பிரயோஜனப்படாது. ஆபரேஷன்தான்."

"அதுக்கு தேதி குடுத்துட்டாங்க தம்பி. அதுக்குள்ள கண்ணாடியிலயே சரியாகிடுமான்னு ஒரு நப்பாசை." கழற்றிய கண்ணாடியை மேஜையைத் தடவி வைத்துவிட்டு, "கூட ஒரு ஆளு வரணும்னு சொல்றாங்க. பையன் வெளிநாட்டுல. நான் யாரைக் கூப்பிடறது?" என்றார்.

நான் வருகிறேன் என்றேன். அவர் தம்பி பெயரை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

மார்ச் 13

சொல்லலாமா, வேண்டாமா? சொன்னால் மறுபடி பாடம் எடுக்கிறேன் என்பான். சொல்லாமல் விட்டு, பிறகு வேறு யார் வாயிலாவது கேள்விப்பட்டால்? ஒரு முறை அப்படித்தானே அவனுக்குச் செய்தி தாமதமாக வந்தது.

அவன் வேலை செய்யும் கட்டடத்துக்கே போனேன். ஏணி மேல் நின்றிருந்தான். இறங்கவில்லை.

"உங்க அண்ணனுக்குக் கண்ணு ஆபரேஷன். இருபத்திரண்டாம் தேதி காலையில. நான் கூட்டிட்டுப் போறேன்."

"அதை ஏன் எங்கிட்ட சொல்ற?"

"எதுக்காகவும் இல்ல. உனக்குத் தெரியணும்னு தோணுச்சு."

அவன் ஒயரை முறுக்கிக்கொண்டே இருந்தான். நான் வந்துவிட்டேன்.

மார்ச் 21

நாளை காலை. காருக்குப் பெட்ரோல் போட்டாயிற்று. அவனிடமிருந்து ஒன்றும் இல்லை. நானும் எதிர்பார்க்கவில்லை. எதிர்பார்த்து எதிர்பார்த்துத்தான் இப்படி அலுத்துப்போயிருக்கிறேன்.

மார்ச் 22

அண்ணனை ஏற்றிக்கொண்டு தெருமுனை திரும்பினால், டீக்கடை ஓரத்தில் ஃபியூஸ் நிற்கிறான். சலவை செய்த சட்டை. நான் வண்டியை நிறுத்தினேன். முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். பின்னால் திரும்பவே இல்லை. அண்ணனுக்கு ஆள் தெரியவில்லை என்றுதான் நினைத்தேன். ஆனால் அவர் தொண்டையைச் செருமிக்கொண்ட விதத்தில், தெரிந்துவிட்டது என்று புரிந்தது.

என்ன செய்வதென்று தெரியாமல் பாட்டைப் போட்டுவிட்டேன். ஓர் அம்மாள் தம்புராவை மட்டும் வைத்துக்கொண்டு, அவசரமே இல்லாமல் பாடுவது. இது யாருடைய குரல் என்று யாராவது கேட்டால் சொல்வதற்கு என்னிடம் ஒரு மணி நேரச் சங்கதி இருக்கிறது. இதுவரை யாரும் கேட்டதில்லை.

பாலம் தாண்டும்போது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"யாரு தம்பி பாடுறது இது?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் ஃபியூஸ் முன்கண்ணாடியைப் பார்த்தபடியே சொன்னான்: "அவன்கிட்ட மட்டும் கேக்காதண்ணே. ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்."

வண்டிக்குள் அந்த அம்மாள் குரல் மட்டும்.

பிறகு அண்ணன் மெதுவாக, "ஸ்கூல்லயே அப்படித்தானே இவன். வீட்டு வாசல்ல வந்து நின்னுக்கிட்டு, போகவே மாட்டான்" என்றார்.

"அம்மா லைட்டை அணைச்சிடுவாங்க. அப்பவும் இருட்டுல நின்னு கதை சொல்லுவான்."

"ஆமா. ஆமா."

ஆஸ்பத்திரி வரும்வரை இரண்டு பேரும் என்னைத்தான் வறுத்தெடுத்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. வண்டியைக் கொஞ்சம் மெதுவாகவே ஓட்டினேன்.