குழாய்த் தண்ணீரில் கழுவிய குடுவை

இன்று காலை ஆய்வகத்தில் ஜூனியர் பெண் குடுவையைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "மேடம், மஞ்சள் வந்துடுச்சு!" வெள்ளி உப்பு நுண்துகளாக மாறும்போது வருகிற அந்த இளமஞ்சள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. உன்மேல் எரிச்சல்தான் வந்தது. செத்தும் என்னை விடமாட்டாயா நீ?

நாம் இருவரும் ஒரே நாளில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். நான் திருப்பத்தூரிலிருந்து தங்கப் பதக்கத்தோடு வந்தவள். நீ உள்ளூர்க்காரி, மர்பி டவுனிலிருந்து பஸ் பிடித்து, சாவகாசமாகச் சிரித்துக்கொண்டே வருவாய். பாக்டீரியா படர்ந்த தட்டில் உன் வெள்ளிக் கரைசலை விட்டால், சுற்றிலும் கிருமி செத்து, தெளிந்த வட்டம் அகலமாக விழும். என்னுடையது கடுகளவுகூடத் தேறாது. நம் வழிகாட்டி சார் உன் தட்டை மட்டும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். எனக்கு வயிறு பற்றி எரியும்.

காரணத்தை நீயேதான் உன் கன்னடம் கலந்த தமிழில் சொல்லிக் கொடுத்தாய். "குடுவைய கடைசியா டிஸ்டில்டு வாட்டர்ல மூணு வாட்டி கழுவுடி. குழாய்த் தண்ணில உப்பு இருக்கு, வெள்ளி திரிஞ்சிடும். சும்னே டென்ஷன் ஆகாத."

எந்தக் கரைசலை மருத்துவமனைச் சோதனைக்கு அனுப்புவது என்று சார் முடிவு செய்யவிருந்த நாளில், உன் குடுவையைக் குழாய்த் தண்ணீரில் கழுவி வைத்தேன். மறதி இல்லை. தெரிந்தேதான் செய்தேன்.

உன் கரைசல் பால்போல் வெளுத்தது. நீ குடுவையைப் பார்த்தாய், பிறகு என்னைப் பார்த்தாய். சார் கத்தியபோது, "நான்தான் சார் சரியா கழுவல" என்றாய். மறுநாள் புதிதாகச் செய்து, முன்னைவிடப் பெரிய வட்டம் காட்டினாய். உன்னுடையதுதான் சோதனைக்குப் போயிற்று. அந்தப் பெருந்தன்மையும் உனக்கே வாய்க்க வேண்டுமா என்று அன்று முழுக்கப் பொருமினேன்.

போன மாதம் உன் காரியத்துக்கு வந்தேன். உன் அக்காவிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று வாயெடுத்தேன். என் பெயரைக் கேட்டதும் அவர் முந்திக்கொண்டார்.

"ஓ, குழாய்த் தண்ணி ஊத்துனது நீதானா? உன்ன பத்தியேதான் பேசுவா. 'அவ பொறாமப்பட்டதாலதான்க்கா நான் நல்லா செஞ்சேன்'னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

மன்னிப்புக் கேட்கத்தான் அவ்வளவு தூரம் வந்தேன். நான் கேட்பதற்கு எதையும் நீ மிச்சம் வைக்கவில்லை. அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை, போடி.