ஏறுகிற சைக்கிளும் இறங்குகிற சைக்கிளும்

வெட்கக்கேடான ஒன்றை முதலில் சொல்லித் தொலைத்துவிடுகிறேன். நேற்று சைக்கிள் கடையில், பின்பக்கம் பஞ்சு வைத்துத் தைத்த அந்த இறுக்கமான கால்சட்டையோடு நின்று நான் அழுதேன். சத்தமாக இல்லை. ஆனால் மூக்கு ஒழுகித் தலைக்கவசத்தின் வாரில் சொட்டுகிற அளவுக்கு அழுதேன். ஐம்பதைத் தாண்டிய ஆள், தொப்பை வேறு பிதுங்கிக்கொண்டிருக்கிறது. கடைக்காரச் சீனர் பயந்துபோய் விலைச்சீட்டை மெதுவாகத் திருப்பி வைத்தார். "பாஸ், மாசா மாசம் கட்டலாம் லா" என்றார்.

விலைக்காக அழவில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது? பக்கத்தில் அவருடைய மெக்கானிக் ஒரு டயருக்குள் வெள்ளைப் பாலை ஊற்றிக்கொண்டிருந்தான். முள் குத்தினால் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளுமே, அந்தப் பால். அதன் ரப்பர் நெடி மூக்கில் ஏறியது. "எங்கப்பா ரப்பர் மரத்துலேருந்து பாலை எடுத்தாரு, நான் காசு குடுத்து அதை டயருக்குள்ள ஊத்துறேன். குடும்பம் முன்னேறிடுச்சுடா" என்பாய் நண்பா நீ. ஒவ்வொரு தடவையும் அதே வார்த்தைகள். நான் சிரிக்காவிட்டால் சிரிக்கும்வரை திரும்பச் சொல்வாய். நேற்று நெடி மட்டும் வந்தது, நீ வரவில்லை.

என் பழைய சைக்கிளின் ஃபிரேமில் விரிசல். புதிது வாங்கித்தான் ஆக வேண்டும். கடைக்காரர் இரண்டை எடுத்து எதிரே நிறுத்தினார். இரண்டும் மலைப்பாதையில் ஓட்டுகிறவை, ஒன்று டிரெயில், இன்னொன்று எண்டுரோ. ஒரு வருஷம் நம் எல்லோரையும் பிடித்து ஆட்டிய அதே இரண்டு ரகம்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று என் மனைவி உன்னை ஒரு முறை கேட்டாள், நினைவிருக்கிறதா? "டிரெயில் குடும்பஸ்தன் மாதிரி தங்கச்சி. கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும், எல்லாத்துக்கும் ஒத்துப் போகும். எண்டுரோ அரசியல்வாதி. கனம் அதிகம், தானா மேல ஏறாது, யாராவது ஏத்தி விடணும். ஆனா இறங்க ஆரம்பிச்சா தடுக்க ஆளே கிடையாது." அவள் சிரித்துக்கொண்டே உனக்கு மட்டும் இன்னொரு வடை வைத்தாள். எனக்கு வைக்கவில்லை.

எல்லாம் அந்தத் தைப்பூசத்தில் தொடங்கியது. பால்குடத்தோடு தண்ணீர்மலைக் கோயில் படிகளில் பாதி தூரம் போனதும் நீ ஓரமாக நின்றுவிட்டாய். "கூட்டம் கொறையட்டும்" என்றாய். கூட்டம் உன்னைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தது. உன் மேலுதடு வெளுத்திருந்தது. நாம் அதற்கு என்ன முடிவு கட்டினோம்? விரதம். ஒரு மாதம் கோழியும் மீனும் இல்லாமல் உடம்பு சத்து இழந்துவிட்டது என்று உன் வீட்டிலும் என் வீட்டிலும் ஒரே குரலில் சொன்னார்கள். விரதம் முடிந்ததும் இரண்டு வாரம் உனக்கு ஆட்டுக்கால் சூப் கொடுத்துத் தேற்றினார்கள். அடைபட்டுக் கிடந்த இதயத்துக்கு ஆட்டுக்கொழுப்பு. நானும் ஒரு தூக்கு கொண்டுவந்தேன்.

பிறகுதான் டாக்டர். மூன்று இடத்தில் அடைப்பு, நெஞ்சைத் திறந்து பைபாஸ் செய்ய வேண்டும் என்றார். செய்தால் உடம்பு தேறியபின் பழையபடி மலை ஏறலாம். செய்யாவிட்டால் மேடு என்ற பேச்சே கூடாது.

ஃபேக்டரியில் தரம் பார்க்கிற வேலை உனக்கு. 'பாஸ்', 'ரிஜெக்ட்' என்ற இரண்டு வார்த்தையில் உலகத்தைப் பிரித்து வைத்திருந்தவன் நீ. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமாக் சாப்பாட்டுக் கடையில் ரொட்டி சானாயைப் பிய்த்துக்கொண்டே டாக்டரின் பேச்சையும் பரிசோதித்தாய்.

"ஏறக் கூடாதுன்னாரு. இறங்கக் கூடாதுன்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

"அதனால?"

"எண்டுரோ எடுத்துக்கிறேன். லோரில ஏத்தி மேல கொண்டு விட்டுருவான். நான் ஜம்முனு இறங்கி வர்றேன். இதுக்கு எதுக்குடா நெஞ்சைப் பொளக்கணும்?"

"லோரி வராத அன்னிக்கி?"

"அன்னிக்கி ரெண்டு ரொட்டி கூடப் போடச் சொல்லுவேன்."

அன்றிலிருந்து நம் வீடுகளில் ஆபரேஷன் என்ற சொல்லை யாரும் சொல்லவில்லை. டிரெயில் என்றால் ஆபரேஷன் செய்துகொள்கிறாய் என்று பொருள். எண்டுரோ என்றால் மாட்டேன் என்று பொருள். நீ எதை வாங்கப் போகிறாய் என்பதில் உன் உயிர் தொங்கிக்கொண்டிருந்தது, நாங்கள் சஸ்பென்ஷனைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

உன் மனைவியைத்தான் நினைத்துப் பார்க்கிறேன். சைக்கிளில் பிரேக் எந்தப் பக்கம் என்று தெரியாத பெண், ஒரு நாள் எனக்குப் போன் போட்டாள். "அண்ணே, சஸ்பென்ஷன் நூத்தி நாப்பது மில்லிமீட்டர் போதும்தானே? நூத்தி எழுபது எதுக்குண்ணே? நம்ம பினாங்குல அவ்ளோ பெரிய பள்ளம் எங்க இருக்கு?"

"உனக்கு யாரும்மா இதெல்லாம் சொன்னது?"

"யூடியூப்ல ஒரு வெள்ளைக்காரன். அவன் பேசுறது பாதி புரியல. ஆனா டிரெயில்தான் நல்லதுன்னு தலையாட்டுறான். நீங்களும் அதையே சொல்லுங்கண்ணே, நான் சொன்னா கேக்க மாட்டாரு."

நானும் சொன்னேன். சொல்லிக்கொண்டே இருந்தேன். எண்டுரோவில் மிதித்தால் பாதி பலம் ஸ்பிரிங்கிலேயே போய்விடும் என்றேன். கொடிமலையின் ஜீப் ரோட்டில் அதைத் தள்ளிக்கொண்டு போனால் குரங்குகூடச் சிரிக்கும் என்றேன். ஒரு சாயங்காலம் உன் வீட்டில், உன் மனைவியே குறுக்கே வந்தாள். "அதோட ஹெட் ஆங்கிள் ரொம்பச் சரிவாம்ல. ஏறும்போது முன் சக்கரம் அலையுமாம்" என்றாள், கையில் கரண்டியோடு. நீ அவளைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாய். சிரிப்பு இருமலாகி, இருமல் மூச்சிரைப்பாகி, கடைசியில் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு குனிந்துவிட்டாய். அவள் கரண்டியைக் கீழே வைக்கவே இல்லை. மூச்சு திரும்பியதும் நீ சொன்னது, "இவளை ஃபேக்டரில சேத்துவிடலாம்டா. பாஸ்."

சுங்கை பினாங்கில் உன் அடுக்குமாடியின் லிஃப்ட் கெட்டுப்போன அன்று, பழைய சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு படியேறப் பார்த்தாயே, அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை. நான்காவது மாடியில் யாரோ ஒரு வீட்டுச் செருப்புகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாய். நான் சைக்கிளை வாங்கிக்கொண்டேன். அந்த வீட்டு மலாய்க்கார அம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். குடித்துவிட்டு, "இது எத்தனை கிலோடா?" என்று கேட்டாய். சொன்னேன். "எண்டுரோ இதைவிடக் கனமா?" என்றாய். ஆமாம் என்றேன்.

பிறகு ஒரு காலை. தாவரவியல் பூங்காவுக்குப் பக்கத்தில், ஜீப் ரோடு தொடங்குகிற இடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தோம். இளவட்டங்கள் மிதித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். நீ திடீரென்று, "சரி, டிரெயிலே எடுத்துக்கலாம்" என்றாய்.

"ஏன், என்னாச்சு?"

"லோரின்னா மேல போய்ச் சேர்ற வரைக்கும் உன் மூஞ்சிக்கு எதிர உக்காந்துட்டு வரணும். யோசிச்சுப் பாத்தேன். அதுக்கு இதுவே மேல்."

அன்று என் தலைக்கனத்தை நீ பார்த்திருக்க வேண்டும். ஒரு மனிதனைப் பேசிப் பேசியே பிழைக்க வைத்தவன் நான் என்று பயான் லெப்பாஸிலிருந்து புக்கிட் மெர்தாஜாம் வரை எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். உன் மனைவி எனக்குக் கேசரி செய்து அனுப்பினாள். என் மனைவியே என்னைக் கொஞ்சம் மரியாதையாகப் பார்த்தாள், இரண்டு நாளைக்கு.

ஆபரேஷனுக்கு முதல் நாள் வார்டில், நெஞ்சு மயிரை மழித்துவிட்டார்கள் என்று சட்டையைத் திறந்து காட்டினாய். "பாத்துக்க, காத்தைக் கிழிச்சிட்டுப் போகும் இனிமே" என்றாய். புது சைக்கிளின் நிறத்தை நான் முடிவு செய்யக் கூடாது என்று சத்தியம் வாங்கினாய்.

ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. அதன்பிறகு காய்ச்சல் வந்தது. நுரையீரலில் கிருமி என்றார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உன் வாயில் குழாய் இருந்தது, உன் கால்விரல்கள் மட்டும் போர்வைக்கு வெளியே இருந்தன. பெடல் மிதித்துக் காய்த்துப்போன விரல்கள். நீ வீட்டுக்குத் திரும்பவில்லை.

பத்து கந்தோங் சுடுகாட்டில் காத்திருந்தபோது நம் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டாளி ஒருவன், கெட்ட எண்ணமே இல்லாமல், பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னான்: "பேசாம எண்டுரோவே எடுத்திருக்கலாம். இன்னும் கொஞ்ச வருஷம் இறங்கிட்டு இருந்திருப்பான்." நான் கேட்டுக்கொண்டுதான் நின்றேன். உன் மனைவியும் கேட்டிருப்பாள் என்று நினைக்கிறேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. உன்னை டிரெயில் பக்கம் தள்ள ஒருத்தரை ஒருத்தர் தூண்டிவிட்டவர்கள் நாங்கள்.

அதற்குப் பிறகு யாராவது என்னிடம் எந்த சைக்கிள் வாங்கலாம் என்று கேட்டால், தெரியாது என்கிறேன். சைக்கிள் மட்டுமில்லை, எந்தக் குளிர்சாதனப் பெட்டி நல்லது என்று கேட்டால்கூட நழுவிவிடுகிறேன். ஊரில் எல்லார் விஷயத்திலும் மூக்கை நுழைத்துக் கருத்து சொன்னவன் நான். இப்போது என் வாய் கொஞ்சம் அடங்கிவிட்டது என்று என் மனைவி உறவினர்களிடம் மகிழ்ச்சியாகச் சொல்கிறாள்.

நேற்று மூக்கைத் துடைத்துக்கொண்டு டிரெயிலைத்தான் வாங்கினேன். இன்று காலை ஜீப் ரோட்டில் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் காலை ஊன்றி, நீ வருகிறாயா என்று திரும்பிப் பார்க்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. பின்னால் வந்த ஒரு பெண், "அங்கிள், ஓகேயா?" என்று கேட்டாள். ஓகே என்றேன். உன்னை அந்த ஆபரேஷன் மேசைக்கு அனுப்பியது என் நாக்கு என்ற நினைப்பையும் சேர்த்துத்தான் மிதிக்கிறேன், அது எந்த எண்டுரோவையும்விடக் கனம்.

இறங்கி வந்ததும் உன் மனைவி போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் இதய நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற தாதி ஒருத்தியைச் சந்தையில் பார்த்தாளாம். டாக்டர் சொன்ன அன்றைக்கே நீ ஆபரேஷனுக்குச் சரி சொல்லிப் பேர் கொடுத்துவிட்டாயாம். அத்தனை மாதமும் ஆஸ்பத்திரி வரிசையில் உன் முறைக்காகக் காத்திருந்ததுதானாம். ஜீப் ரோட்டில் நாம் உட்கார்ந்திருந்த அந்தக் காலைக்கு முந்திய நாள்தான் உனக்குத் தேதி சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார்கள்.