துருநிலவின் கடைசிப் பகுதி

நவம்பர் 2, ஞாயிறு

மதிப்பிற்குரிய நாட்குறிப்பே, வணக்கம். தீபாவளிக்கு முன்பிருந்தே உன்னைத் திறவாதிருந்தமைக்குப் பொறுத்தருள வேண்டுகிறேன். ரவிக்கைத் தையல், கழுத்துவலி. வேறு காரணம் யாதுமில்லை.

விடிந்ததிலிருந்து மழை. கல்லறைத் திருநாள் பூசை. பாடகர் குழுவில் ஸ்டெல்லா வழக்கம்போல் என் வலப்பக்கம். இரண்டாம் பாடலில் சுருதி விட்டாள். முழங்கையால் இடித்துத் திருத்தினேன். சிரித்தாள். அதுவரை நல்ல நாள்.

பிற்பகல், டோபி காட் அருகே வாடகை ஒத்திகை அறையில் எங்கள் மெட்டல் இசை ரசிகர் குழுவின் கூட்டம். ஆண்டுதோறும் ஒரு வாக்கெடுப்பு வைப்போம்: உறுப்பினர்கள் மிகவும் விரும்பும் அறிவியல் புனைகதைப் படமோ தொடரோ எது? வென்றதைப் பெரிய திரையில் அனைவரும் சேர்ந்து பார்ப்போம். திரையிடலுக்கு முன் அறிமுக உரை என்னுடையது. குழு தொடங்கிய நாள்முதல் என்னுடையது. உயர்நிலைப் பள்ளியை முடிக்காதவள், வானொலிச் செய்தியையும் நூலகப் புத்தகங்களையும் வைத்துத் தமிழ் கற்றவள், நின்று பேசினால் டிரம்ஸ் அடிப்பவர்கள்கூடக் குச்சியைக் கீழே வைப்பார்கள். தற்பெருமையன்று. கண்டது.

இவ்வாண்டு முன்மொழிவுகள்:
– 'உப்புக் கோள்'. முன்மொழிந்தவர் குழுவை நடத்தும் ஹக்கீம். முதல் பாதியில் வசனமே இல்லாத படம்.
– 'இரும்புத் தேனீ'. வரைகலைத் தொடர். முன்மொழிந்தவர் புதிய உறுப்பினர்.
– 'துருநிலவு'. முன்மொழிந்தவர் ஸ்டெல்லா. நானும் ஸ்டெல்லாவும் என்று எழுதுவதே முறை.

ஹக்கீமிடம் யாரோ ஏன் மெட்டல்காரர்களுக்கு இப்படிப்பட்ட படங்களே பிடிக்கின்றன என்று கேட்டார். "மனுஷன் பேசறது கொஞ்சம் போதும்லா, மெஷின் பேசட்டும்," என்றார். நான் இன்னும் செம்மையாகச் சொல்லியிருப்பேன். என்னைக் கேட்கவில்லை.

புதிய உறுப்பினர் நிவேதிதா. கோயம்புத்தூரிலிருந்து சிங்கப்பூருக்குக் கணினி வேலைக்கு வந்தவள். முப்பது வயது இருக்கலாம். நன்றாக வரைவாளாம். கையில்லாத டெனிம் சட்டை முழுவதும் புத்தம்புதிய பேட்ச்கள், அதாவது இசைக்குழுக்களின் துணிச் சின்னங்கள், அத்தனையும் இஸ்திரிப் பெட்டியால் ஒட்டியவை. ஒன்றுகூடத் தைத்ததில்லை. ஸ்டெல்லாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். என் பை அந்த நாற்காலியில் இருந்தது. பையை எடுத்து என்னிடமே கொடுத்தாள், மிக்க மரியாதையுடன். "இந்தாங்க அக்கா."

வாக்கில் வென்றது 'இரும்புத் தேனீ'. கூட்டத்தின் முடிவில் ஹக்கீம், இந்தத் தடவை அறிமுக உரையை நிவேதிதா செய்யட்டுமே என்றார். புதியவர், இளையவர், இத்யாதி. ஸ்டெல்லா சொன்னது: "நல்ல ஐடியாலா."

அப்பெயரை முழுதாக எழுதி இனி மை வீணாக்குவதாக இல்லை. நி. என்று குறிப்பிடப்படும்.

நவம்பர் 3, திங்கள்

வெயில். தேக்கா மேல்மாடியில் என் தையல் கடையில் கூட்டமில்லை. தெருவில் தீபாவளி அலங்காரம் இன்னும் இறங்கவில்லை.

'துருநிலவு' பற்றி இங்கே ஒழுங்காக எழுதியதே இல்லை. எழுதி வைக்கிறேன்.

நிலவில் ஒரு கப்பல் உடைக்கும் தளம். பழைய விண்கலங்களை வெட்டித் தகரமாக்கும் தொழிலாளர்கள். தளத்தின் ஓரத்தில் ஒரே ஒரு கலத்தை மட்டும் எவரும் வெட்டத் துணிவதில்லை. முதல் பகுதியிலிருந்தே அது அங்கே நிற்கிறது. உள்ளே என்ன என்பதைக் கடைசிப் பகுதியில்தான் காட்டுவார்கள்.

என் கருத்து: உள்ளே ஒருவர் இருக்கிறார். விளக்கு ஏற்றி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.
ஸ்டெல்லாவின் கருத்து: "யாரும் இல்லடி மேரி. வெறும் தகரம்."

ஈராண்டாக இதே சண்டை. சனிக்கிழமைதோறும் பாடல் பயிற்சி முடிந்து தோ பாயோவில் ஸ்டெல்லா வீட்டுக்குப் போவோம். ஒரு பாட்டு, ஒரு பகுதி. பாட்டு கனமானதாக, மெதுவானதாக இருக்க வேண்டும், டூம் மெட்டல் உத்தமம். அண்டை வீட்டாரைக் கருதி ஆளுக்கொரு காதொலிப்பான். பிறகு படம். ஒருவர் இல்லாமல் மற்றவர் பார்ப்பதில்லை. ஸ்டெல்லா மருத்துவமனையில் இரவுப்பணியில் இருந்த மாதம் முழுவதும் நான் தொட்டதில்லை. எனக்குக் காய்ச்சல் வந்தபோது அவளும் தொட்டதில்லை.

கடைசிப் பகுதியை வரும் சனிக்கிழமை பார்ப்பதாக இருக்கிறோம். மாலை ஆறு மணி. அதற்காகக் கருநீலச் சட்டையை இஸ்திரி செய்து வைத்திருக்கிறேன் என்பதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழையும் வெயிலும் மாறிமாறி. பொத்தான் பெட்டி கவிழ்ந்தது. எல்லாம் கெட்ட சகுனம் என்று எழுத மாட்டேன். நான் அத்தகையவள் அல்லேன்.

ஸ்டெல்லா வேலைக்குப் போகும் வழியில் தன் டெனிம் சட்டையைக் கொடுத்துவிட்டு ஓடினாள். கையிடுக்கு கிழிந்திருக்கிறது. சனிக்கிழமைக்குள் வேண்டுமாம். தேநீர் குடிக்கக் கூட நிற்கவில்லை.

தைப்பதற்குப் புரட்டினேன். உள்பையில் ஏதோ தடித்தது. ஊசி முறியுமே என்று வெளியே எடுத்தேன். கண்ணாடித் தாள் உறையில் இரண்டு பேட்ச்கள், ஒரே மாதிரி. கறுப்புத் துணியில் நிலவின் விளிம்பு, அதன்மேல் அந்தக் கலம். கலத்தின் வட்டச் சன்னலில் மஞ்சள் நூலில் ஒரு விளக்கு.

விளக்கு.

எங்கள் குழுவில் ஒரு கட்டுப்பாடு உண்டு. நேரில் கேட்ட இசைக்குழுவின் பேட்சையே அணியலாம். படமோ தொடரோ என்றால் முடிவுவரை பார்த்திருக்க வேண்டும். பாதியில் விட்டதற்குப் பேட்ச் கிடையாது. ஹக்கீம்கூட ஒருமுறை ஒன்றைப் பிரித்துத் தரச்சொல்லி என்னிடம் வந்தார், கடைசிப் பகுதியின்போது தூங்கிவிட்டாராம்.

ஆக, ஸ்டெல்லா முடிவைப் பார்த்துவிட்டாள். அந்த விளக்கு நாங்கள் பார்த்த எந்தப் பகுதியிலும் வந்ததில்லை. கடைசியில்தான் வந்திருக்க வேண்டும். நான் சொன்னதே சரி. அதைச் சொல்லிக்காட்டும் இன்பமும் எனக்கு இல்லாமல் போயிற்று.

இரண்டு பேட்ச். ஒன்று அவளுக்கு. மற்றது யாருக்கென்று எவரும் எனக்கு விளக்க வேண்டியதில்லை.

நவம்பர் 5, புதன்

மேகம். உணவங்காடியில் மீன்குழம்புச் சோறு. பாதியில் வைத்தேன்.

ஸ்டெல்லாவுக்குத் தொலைபேசியில் அழைத்தேன். சனிக்கிழமையை உறுதிப்படுத்தும் பொருட்டு என்று காரணம் தயாராக வைத்திருந்தேன். பின்னணியில் தொடர்வண்டி அறிவிப்பு. நி.யின் வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாளாம். என்ன வேலை என்று கேட்டேன். "சும்மாதான்," என்றாள். ஸ்டெல்லாவுக்குப் பொய் சொல்ல வராது. சொன்னால் குரல் பூசையில் வாசகம் படிப்பதுபோல் ஆகிவிடும். இன்று அப்படித்தான் ஆனது.

கையிடுக்கைத் தைத்து முடித்தேன். தையல் வழக்கத்தைவிட நெருக்கம். கோபத்தில் என் கை நன்றாக வேலை செய்கிறது.

நி.யின் குறைகள்:
– ஒட்டிய பேட்ச்கள்.
– 'அக்கா' என்று அளவுக்கு மீறி.
– மெட்டலில் வேகமானதே சிறந்தது என்ற எண்ணம்.
– நல்ல பற்கள்.

கடைசியாக எழுதியது குறையாகாது. அடிக்காமல் விடுகிறேன்.

அந்த நாற்காலியைப் பற்றி மட்டுமே நாள் முழுவதும் எண்ணிக்கொண்டிருந்தேன். பாடகர் குழுவில் ஸ்டெல்லாவின் இடப்பக்கம், சனிக்கிழமை சோபாவிலும் அவளுக்கு இடப்பக்கம், என் இடம். வேறு ஒருவர் அங்கே உட்கார்ந்து, அந்த விளக்கைப் பார்த்து, ஸ்டெல்லா மூச்சை இழுத்துப் பிடிப்பதைக் கேட்டிருக்கிறார். அவள் அப்படித்தான் செய்வாள். அந்த ஒலி எனக்கு உரியது.

நவம்பர் 6, வியாழன்

கனமழை. வாடிக்கையாளர் இல்லை. நான்கு மணிக்குக் கடையை அடைத்துவிட்டு புக்கிட் மேரா வீட்டுக்கு வந்தேன்.

பார்த்தேன்.

அவர்கள் பார்த்ததை நானும் பார்க்கலாம் என்பது நியாயம். உடன்பாட்டை முறித்தவள் நான் அல்லேன். இவ்வாறெல்லாம் தேநீர் கொதிக்கும் வரை வாதிட்டேன், பிறகு போட்டேன். பாட்டு போடவில்லை. தனியாகக் கேட்க மனம் வரவில்லை.

கலத்தை வெட்டுகிறார்கள். நீண்ட நேரம் தீப்பொறி மட்டும். மிக அழகு. கதவு விழுகிறது. உள்ளே தூசி. ஓர் இருக்கை. எவரும் இல்லை. எவரும் இருந்ததே இல்லை. வெறும் தகரம்.

விளக்கு இல்லை. தவறவிட்டேனோ என்று திரும்ப ஓட்டிப் பார்த்தேன். சன்னலை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இருட்டு.

ஸ்டெல்லா சொன்னதே சரி. அப்படியானால் அந்த மஞ்சள் நூல் எங்கிருந்து வந்தது?

தேநீர் ஆறிவிட்டது.

நவம்பர் 7, வெள்ளி

வெயில், புழுக்கம். காலையிலேயே நி. கடைக்கு வந்தாள். விடுப்பாம். தன் டெனிம் சட்டையின் பக்கவாட்டைப் பிடித்துத் தர வேண்டுமாம். அளவெடுத்தேன். இடுப்பு எழுதத் தக்கதன்று.

ஸ்டெல்லாவின் சட்டை மேசைமேல் இருந்தது, பேட்ச் உறை அதன்மேல். மறைக்க நான் விரும்பவில்லை. உங்கள் பொருள் இரண்டும் பத்திரமாக இருக்கின்றன, பெற்றுக்கொள்ளலாம் என்று மிகச் சரியான தமிழில் சொன்னேன்.

நி.யின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்.

"அய்யோ, பார்த்துட்டீங்களா? சனிக்கிழமை வரைக்கும் உங்களுக்குத் தெரியக்கூடாதுன்னு ஸ்டெல்லா அக்கா படிச்சுப் படிச்சுச் சொன்னாங்களே. என்னையக் கொன்னுடுவாங்க."

எனக்கு ஏன் தெரியக்கூடாது என்று கேட்டேன்.

"ஒண்ணு உங்களுக்குத்தானேக்கா. நீங்க ரெண்டு பேரும் முடிச்சதும் சேர்ந்து தைச்சுக்கணுமாம். நான் வரைஞ்சு மட்டும் குடுத்தேன். அந்த விளக்கு மூணு தடவ சரியா வரல, போன வாரம் வந்து பக்கத்துலயே உக்காந்துட்டாங்க. புதன்கிழமை வந்தது காசு குடுக்கத்தான்."

விளக்கு தொடரில் எங்கே வருகிறது என்று கேட்டேன்.

"எனக்கென்னக்கா தெரியும், நான் ஒரு எபிசோட் கூடப் பார்த்ததில்ல. அது உங்க கற்பனையாம்ல? ஸ்டெல்லா அக்கா சொன்னாங்க, 'எனக்கு உள்ள யாரும் இல்லன்னுதான் தோணுது. ஆனா மேரி சொல்ற மாதிரி இருந்தா நல்லா இருக்கும், அதையே வரை'ன்னு."

நான் அளவு நாடாவைச் சுருட்டினேன். மீண்டும் விரித்துச் சுருட்டினேன்.

நி. இன்னொன்றும் சொன்னாள். அறிமுக உரைக்கு எழுதியதைக் காட்ட வேண்டுமாம், திருத்தித் தருவேனா என்று கேட்டாள். பாதி ஆங்கிலம். திருத்துகிறேன் என்றேன். ஒட்டிய பேட்ச்களையும் பிரித்துத் தைத்துத் தருகிறேன் என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. பொறாமை குறைந்துவிட்டதாக எண்ணிவிடாதே. நன்றாக வரைகிறாள். அந்த விளக்கின் மஞ்சள் மிகச் சரியான மஞ்சள். எனக்கு அந்த வண்ண நூல் இக்கடைத்தெருவில் கிடைத்ததே இல்லை.

அவள் போன பின் உடை மாற்றும் அறைக் கண்ணாடியின் முன் நின்று வியப்பு காட்டிப் பார்த்தேன். நாளை கதவு விழும்போது எப்படி முகத்தை வைத்துக்கொள்வது என்று. முதல் முயற்சி, தும்மல் வரும் முகம். இரண்டாவது, பூசையில் தூங்கி விழித்தவள். மூன்றாவதில் கண்ணீர் வந்தது. நிறுத்தினேன்.

நவம்பர் 8, சனி

மப்பும் மந்தாரமும். கருநீலச் சட்டை ஆணியில் தொங்குகிறது.

இருவரில் தனியாகப் பார்த்தவள் நான் ஒருத்தியே. என் பேட்சைத் தைத்துக்கொள்ளும் உரிமையும் இப்போது எனக்கு மட்டுமே உண்டு. ஸ்டெல்லாவுக்கு இன்னும் இல்லை.

நடிக்கலாம். ஸ்டெல்லா திரையைத்தான் பார்ப்பாள், என்னைப் பார்க்கமாட்டாள் என்று நேற்று நினைத்தேன். தவறு. கதவு விழும்போது என்னைத்தான் பார்ப்பாள். விளக்கு இல்லை என்றதும் எனக்கு எப்படி இருக்கிறது என்று பார்க்கத் திரும்புவாள். நான் ஏமாந்தால் தேற்றத்தான் அந்த விளக்கு பேட்ச்.

காலையிலிருந்து செய்தி எழுதி எழுதி அழித்தேன். முதல் வடிவம்: 'அன்புமிகு தோழி ஸ்டெல்லா அவர்களுக்கு, வணக்கம். தவிர்க்கவியலாச் சூழ்நிலையில் நிகழ்ந்துவிட்ட ஒரு நிகழ்வு குறித்து...' சூழ்நிலை என்று ஒன்றும் இல்லை. மழை பெய்தது, அவ்வளவே. இரண்டாம் வடிவத்தில் நிவேதிதாவின் மேல் பழி வந்தது. அழித்தேன். நிவேதிதா ஒன்றும் செய்யவில்லை, என் பையை என்னிடம் கொடுத்ததைத் தவிர.

செந்தமிழில் எழுதினால் ஸ்டெல்லா சிரிப்பாள். சிரித்து முடித்ததும், நான் எதையோ மறைக்கிறேன் என்று கண்டுகொள்வாள். எனவே பேசுகிறாற்போல் எழுதினேன். அனுப்பிவிட்டேன். இங்கே படி எடுத்து வைக்கிறேன்:

'ஸ்டெல்லா, கடைசிப் பகுதிய நான் பார்த்துட்டேன். வியாழக்கிழமை, தனியா. உன் பையில பேட்ச் பார்த்தேன், நீ நிவேதிதாகூட முடிச்சுட்டன்னு நெனச்சுட்டேன். எரிச்சல்ல போட்டுட்டேன். உள்ள என்ன இருக்குன்னு சொல்ல மாட்டேன். பேட்ச் ரெண்டும் எங்கிட்டதான் இருக்கு, எதையும் தைக்கல. நீ பார்க்கும்போது நான் பக்கத்துல உக்காரணும். ஆறு மணிக்கு வரவா, வேணாமா? சீக்கிரம் பதில் போடு.'