மான் தின்ற லீவுக் கணக்கு

இந்த நேரத்தில் எழுதுகிறேன், குறை நினைக்காதே. இவருக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. அபி படுத்துவிட்டாள். எனக்குத்தான் நித்திரை வரவில்லை. படுப்பதும், எழும்பிக் குசினிக்குப் போய்த் தண்ணீர் குடிப்பதும், ஃபேனைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்து, கடைசியில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்துவிட்டேன். நீ போயிருக்கிற நாட்டில் இன்னும் வெளிச்சம் இருக்கும். நீ வேலைக்கு வெளிக்கிடுகிற நேரமோ, முடித்துவிட்டு வருகிற நேரமோ, அதுகூட இப்போது எனக்குச் சரியாகத் தெரியாது.

மேசையில் ஒரு கணக்குத் தாள் கிடக்கிறது. அதன் ஒரு மூலை இல்லை. கடிபட்ட ஓரம் ஈரமாகி, காய்ந்து, சுருங்கிப் போயிருக்கிறது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோனால் சருகும் எச்சிலும் கலந்த ஒரு மணம். உனக்குச் சொல்லத் தேவையில்லை. கோட்டைக்குள் நடந்து போகிறவர்களின் கையை முகர்ந்து பார்க்குமே, அந்த மான்களின் வாய் மணம்.

இந்த மணம் வந்ததும் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது நீ எழும்பி நின்ற அந்தப் பாடவேளைதான். பத்தாம் ஆண்டில் படித்தோம். பஸ் நிலையத்தில் ரோல்ஸ் வாங்குவதற்காக நீ கொப்பியைச் சீமெந்துக் கட்டில் வைத்துவிட்டுத் திரும்பிய இடைவெளியில், உன் கேத்திரகணிதத்தில் பாதி ஒரு மானின் வயிற்றுக்குள் போய்விட்டது. கணித சேர் அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்திருந்தார். கொப்பி எங்கே என்று கேட்டார். "மான் திண்டிட்டுது சேர்" என்றாய். முழு வகுப்பும் சிரித்தது. தன்னைப் பகிடி பண்ணுகிறாய் என்று நினைத்து, பாடம் முடியும்வரை உன்னை எழுப்பி வைத்தார். அடுத்த கிழமை அதே பஸ் நிலையத்தில், அவர் பின்னால் கட்டிய கையில் வைத்திருந்த பத்திரிகையை ஒரு மான் இழுத்துக்கொண்டு போனது. அன்றைக்கு வகுப்புக்குள் வந்ததும் முதல் வேலையாக உன்னைத் தேடினார். "போன கிழமை எழும்பி நிண்ட பிள்ளை, நீர் இரும்" என்றார். நீ ஏற்கெனவே கதிரையில் இருந்துகொண்டுதான் இருந்தாய். என்றாலும் மரியாதைக்கு ஒருமுறை எழும்பி, பிறகு இருந்தாய்.

இத்தனை வருடமாக அந்த சேரை நினைத்துச் சிரித்தவள் நான். போன வெள்ளிக்கிழமை அவருடைய நிலையில் நான் நின்றேன். அவராவது இந்த மான்களைத் தெரியாத யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே லிங்கநகரில் மான்களைப் பார்த்தே வளர்ந்த எனக்கு என்ன சாட்டு?

நடந்ததைச் சொல்கிறேன். ஓகஸ்ட் லீவு தொடங்கி ஒரு கிழமைகூட ஆகவில்லை. காலையில் தேத்தண்ணி குடிக்கும்போது சும்மா கேட்டேன், அரை பெரிதா, கால் பெரிதா என்று. "கால்" என்றாள் அபி. "நாலு ரெண்டை விடப் பெரிசுதானே அம்மா?" என்று என்னையே திருப்பிக் கேட்டாள். யூன் மாதம் இதே பிள்ளைதான் பேப்பரில் பின்னம் முழுவதும் சரியாகச் செய்திருந்தாள். நாலாம் ஆண்டு முடிகிறது. அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை. வகுப்புத் தாய்மாரின் வட்சப் குழுவில் ஒவ்வொருத்தியும் தன் பிள்ளை இன்றைக்கு எத்தனை பேப்பர் செய்தது என்று படம் எடுத்துப் போடுகிறாள். நான் எதையும் போடுவதில்லை. ஆனால் எல்லாவற்றையும் பார்க்கிறேன்.

அன்றைக்கே கடைக்குப் போய்ப் பழைய வினாத்தாள்களைப் போட்டோக்கொப்பி எடுத்தேன். அலுமாரிக் கதவில் நேரசூசி ஒட்டினேன். காலையில் வாய்ப்பாடு, பத்து மணிக்குப் பின்னம், பின்னேரம் வகுத்தல். போதாதென்று, பன்னிரண்டு தாளை ஒரு கட்டாக ஸ்ரேப்ளர் அடித்து, ரியூசனில் சேர் வரப் பிந்தினால் அந்த நேரத்தில் செய்யட்டும் என்று அவளுடைய பையிலும் வைத்தேன். நீ இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். பயம் வந்தால் தெரிந்தது எங்கே நிற்கிறது?

இரண்டாம் கிழமை அவளுக்கு வயிற்றுக்குத்து வரத் தொடங்கியது. பத்து மணிக்கு வரும், பத்தரைக்குப் போய்விடும். மருந்து கொடுத்தேன். பிறகு ஏசினேன். பிறகு அவள் என்னோடு கதைப்பது குறைந்தது. முன்பெல்லாம் குளிக்கும்போதுகூடக் கதவுக்கு உள்ளே இருந்து கதை சொல்லிக்கொண்டே இருப்பாள். இப்போது நான் அறைக்குள் போனால் கையில் இருப்பதை வைத்துவிட்டுப் பென்சிலை எடுக்கிறாள். என்னைக் கண்டதும் பென்சிலை எடுக்கிற பிள்ளை. அதைத்தான் என்னால் தாங்க ஏலவில்லை. கணக்கு மறந்தால் திரும்பச் சொல்லிக் கொடுக்கலாம். இது?

வெள்ளிக்கிழமை ரியூசன் முடிந்து நேரே கோட்டைக்குள் இருக்கிற கோணேசர் கோயிலுக்குப் போனோம். நான் அர்ச்சனைத் தட்டு வாங்கும்வரை அவளைக் கடைக்குப் பக்கத்து மரநிழலில் நிற்கச் சொன்னேன். வரிசை நீளம். திரும்பி வந்தபோது மூன்று மான்களுக்குக் கிட்ட நின்றாள். சந்தோசமாக நின்றாள். அதைக் கண்டு எனக்கும் சந்தோசமாக இருந்தது. வீட்டுக்கு வந்து பையைத் திறந்தால் கட்டைக் காணவில்லை. எங்கே என்று கேட்டேன்.

"மான் திண்டிட்டுது."

பொய் சொல்லாதே என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் பைக்குள் கையை விட்டு இந்தத் தாளை எடுத்து நீட்டினாள். மூலை இல்லை. ஆனாலும் விடவில்லை. பூட்டியிருந்த பைக்குள் மான் எப்படி வாயை வைத்தது என்று கேட்டேன்.

"நான்தான் குடுத்தனான்" என்றாள். "எனக்குப் பிடிக்கேல்லை. அதுகளுக்குப் பிடிச்சிருந்தது."

பிறகு பென்சில் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே ஸ்ரேப்ளர் கம்பிகள். மானின் தொண்டையில் குத்திவிடும் என்று, ஒவ்வொன்றாகக் கழற்றி எடுத்துவிட்டுத்தான் தாளைக் கொடுத்திருக்கிறாள். அவ்வளவு பொறுமையாக அவள் அந்தக் கட்டோடு ஒருநாளும் இருந்ததில்லை.

நான் ஏசவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. குசினிக்குள் போய் நின்றேன். நீ அங்கே நிலத்தில் சப்பாணி போட்டு இருந்த நாட்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன.

பெற்றோல் இல்லாமல், வினாத்தாள் அச்சடிக்கத் தாள்கூட இல்லாமல், பள்ளிக்கூடங்களைப் பூட்டி வைத்திருந்த காலம். நீ கப்பல்துறைக் கிராமத்தில் இருந்து, வந்தால் வரும் வராவிட்டால் வராது என்ற பஸ்ஸைப் பிடித்து எங்கள் வீட்டுக்கு வருவாய். நீ படிப்பித்த பள்ளிக்கூடமும் பூட்டியிருந்தது. வீட்டில் சும்மா இருக்க விசர் பிடிக்கிறது என்பாய். அபிக்கு அப்போது வாய்ப்பாடே தெரியாது. அவளிடம் ஒரு சோக்குத் துண்டைக் கொடுத்து, குசினி நிலத்தில் உனக்குக் கணக்குப் போடச் சொல்வாய். "துறைமுகத்தில மூண்டு கப்பல். ஒண்டு களவாப் போயிட்டுது. மிச்சம் என்ன?" என்று அவள் போடுவாள். நீ கையை விரித்து, விரலை மடக்கி, தலையைச் சொறிந்து, "அஞ்சு?" என்பாய். அவள் நிலத்தில் உருண்டு சிரிப்பாள். பிழை என்று பெரிய குறுக்குக் கோடு போடுவாள். நீ முகத்தைத் தொங்கப் போடுவாய். உடனே உன் பக்கத்தில் வந்து இருந்து, மூன்று நெருப்புக்குச்சியை வைத்து, ஒன்றை எடுத்து, உனக்குப் படிப்பிப்பாள். ஒருநாள் என்னிடம் வந்து, "அன்ரி பாவம் அம்மா. ஒண்டும் தெரியாது. எப்பிடி ரீச்சர் ஆனவ?" என்று கவலைப்பட்டுக் கேட்டாளே, அதை உன்னிடம் சொன்னபோது புரையேறும்வரை சிரித்தாய்.

எனக்கு அப்போதும் பதற்றம்தான். பிழையாகச் சொன்னால் பிள்ளை பிழையாகப் பழகிவிடாதா என்று கேட்டேன். நீ வெங்காயம் உரித்துக்கொண்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாய்: "பிள்ளைக்குக் கணக்குக் குடுக்காத. பிள்ளையிட்டக் கணக்கு வாங்கு."

கம்பஸில் வர்த்தகம் படித்துப் பட்டம் எடுத்தவள் நான். அந்த ஒரு வரியை விளங்கிக்கொள்ள எனக்கு மூன்று மானும் பதினொரு தாளும் தேவைப்பட்டிருக்கின்றன.

அடுத்த நாள் காலை நேரசூசியைப் பார்க்காமல் அவளுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். அவளுடைய கை தன்பாட்டில் பென்சிலை எடுத்தது. வை என்றேன். எனக்கு ஒரு கணக்குப் போட்டுத் தா, நான் செய்கிறேன் என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"உங்களுக்கு ஏலாது" என்றாள். ஏன் என்று கேட்டேன். "நீங்கள் பிழை விடமாட்டீங்கள். அன்ரிக்குத்தான் போடுவன்."

பிழை விடத் தெரியாதவள் என்று ஒரு பிள்ளை தாயைச் சொல்வதைப் பாராட்டு என்று எடுப்பதா? நான் அப்படி எடுக்கவில்லை. இன்றைக்கும் அது உள்ளே கிடந்து குடைகிறது.

ஆனால் போட்டுவிட்டாள். கடிபட்ட இந்தத் தாளின் பின்பக்கத்தில், நாக்கைப் பல்லுக்கிடையில் வைத்துக்கொண்டு, பத்து மணி தாண்டியும் எழும்பாமல் எழுதினாள். வயிற்றுக்குத்து வரவில்லை. அப்படியே உனக்கு எழுதுகிறேன், எழுத்துப் பிழைகளை மட்டும் விட்டுவிட்டு:

"ஒரு கட்டில் 12 தாள் இருந்தது. கொம்பு வைத்த மான் அரைவாசி தின்றது. அம்மா மான் மிச்சத்தில் அரைவாசி தின்றது. குட்டி மான் மிச்சத்தைத் தின்னும்போது கடைசித் தாளில் வயிறு நிரம்பிவிட்டது, மூலையை மட்டும் கடித்துவிட்டு வைத்துவிட்டது. (1) அம்மா மான் தின்றது முழுக் கட்டில் என்ன பங்கு? (2) கொம்பு மானா அம்மா மானா கூடத் தின்றது? (3) குட்டி எத்தனை தாளை முழுதாகத் தின்றது? அன்ரி செய்முறையைக் காட்டவும்."

இரண்டாவது கேள்வியைப் பார்த்தாயா? லீவுத் தொடக்கத்தில் தேத்தண்ணியோடு நான் கேட்டபோது தெரியாமல் போன அதே கேள்வி. மறக்கவில்லையடி அவள். எங்கேயோ ஒளித்து வைத்திருந்திருக்கிறாள், என்னிடம் அகப்படாமல்.

விடை எழுதிவிட்டாயா என்று கேட்டேன். ஓம் என்றாள். காட்டு என்று சொல்ல வாய் உன்னியது. சொல்லவில்லை. அதைத் தனிக் கடதாசியில் எழுதி மடித்துத் தலையணை உறைக்குள் வைத்திருக்கிறாள். இப்போது அவள் நித்திரை. கையை விட்டால் எடுக்கலாம். இந்த மடலை எழுதும்போதே இரண்டு தரம் எழும்பி அறை வாசல்வரை போய்விட்டு வந்தேன். சரியோ பிழையோ தெரியாமல் இருப்பது எனக்கு எவ்வளவு பாடு என்று உனக்குத் தெரியும். எடுக்கவில்லை. எடுக்கமாட்டேன்.

இனி உன்னிடம் கேட்பதற்கு வருகிறேன். தை மாதம் கடைசியாகக் கதைத்தபோது, அபி கணக்கில் பிந்துகிறாள் என்று நான் புலம்பினேன். நீ இடையில் வெட்டினாய். "கணக்கைப் பற்றி என்னட்டக் கதைக்காதயடி. நான் இஞ்ச கிழடுகளைக் குளிப்பாட்டிற ஆள். படிச்சது, படிப்பிச்சது எல்லாம் மறந்திட்டுது" என்றாய். நான் உடனே குளிரைப் பற்றிக் கேட்டேன். அதற்குப் பிறகு நான் அனுப்புகிறவற்றை நீ பார்க்கிறாய், பதில் இல்லை. கோபமா, வெட்கமா, அலுப்பா என்று நானும் ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். நீ போனதைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. பெற்றோல் இல்லாத அந்த வருடம் நாட்டை விட்டுப் போகாமல் இருந்தவர்கள்தான் குறைவு. ஆனால் மறந்துவிட்டது என்று சொன்னாயே, அதை மட்டும் நான் நம்பவில்லை. ஒரு கிழமை லீவில் மறந்ததென்று நான் நினைத்த என் மகளுடைய கணக்கு இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது. உன்னுடையதும் எங்கேயோ இருக்கும்.

நேரசூசியைக் கிழிக்கவில்லை, பயப்படாதே, நான் அவ்வளவு மாறிவிடவில்லை. பத்து மணிக் கட்டத்தில் மட்டும் பின்னத்தை வெட்டிவிட்டு, "அபி கணக்குப் போடும் நேரம்" என்று எழுதியிருக்கிறேன். நாளைக்கு நானும் பிழை விடப் பழகவேண்டும். அது எனக்குக் கஷ்டம். நீ தலையைச் சொறிவது போலச் சொறிந்து பார்த்தேன், கண்ணாடியில். அவள் நம்பமாட்டாள்.

தாளைப் படம் எடுத்து இதோடு அனுப்புகிறேன். பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் கொஞ்ச நாள்தான். காலையில் எழும்பியதும் அவள் கேட்கப்போகிற முதல் கேள்வி, அன்ரி செய்து அனுப்பிவிட்டாவா என்பதுதான். முதல் தரம் பிழையாகவே செய், நீ செய்கிற மாதிரி. ஆனால் கெதியாகப் பதில் போடு.